ஆடி முடித்துவிட்டு, படித்த கல்லூரிக்கே கோச்சாகத் திரும்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கம் கால்பந்து ஆடி வளர்ந்து, கிளப்புகளில் காசு வாங்கி ஆடி, இப்போது ஆட்டத்தை விடப்போகிறவர்கள் என்னிடம் கேட்டவை இவை. அவர்கள் மட்டுமில்லை, பையன்களும் அம்மாக்களும்கூடக் கேட்டார்கள். நான் ஒரு கல்லூரி அணிக்கு லெஃப்ட் பேக் ஆடியவன். அதற்கு மேல் போகாமல் வேலைக்குப் போய்விட்டேன். ஆனாலும் விடியற்காலையில் அந்த கிரவுண்டுக்குப் போய்ப் பந்து எடுத்துக் கொடுப்பதை விடவில்லை.

என்னோடு ஸ்டாப்பர் ஆடிய அண்ணன் கோவா, கொல்கத்தா என்று பல ஊர் கிளப்புகளுக்கு ஆடிவிட்டு எங்கள் கல்லூரிக்கே கோச்சாக வந்தார். பெரும்பாலும் அவர் பக்கத்தில் நின்று பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணா, பத்து வருஷம் கிளப்புல ஆடிட்டேன். கோச் ஆவறதுக்கு அது போதாதா?

போதாது. ஆடத் தெரிவது வேறு, ஆட வைக்கத் தெரிவது வேறு. எங்கள் அண்ணன் வந்த முதல் வாரத்தைச் சொல்கிறேன். பந்து வரும்போதே பாதி திரும்பி நின்று, தள்ளியிருக்கும் காலால் வாங்கி, அதே தொடுகையில் முன்னால் போவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. செய்து காட்டினார். பையன்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். செய்யச் சொன்னார். ஒருவனுக்கும் வரவில்லை. மறுபடி காட்டினார். இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் அவர் காட்டுவதை நிறுத்தினார். பந்து வாங்கப்போகிறவனுக்குப் பின்னால் ஒரு பையனை நிறுத்தி, கையில் விரல் காட்டச் சொன்னார். பந்து வந்து சேர்வதற்குள் இவன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று கத்த வேண்டும். "ரெண்டு", "அஞ்சு", "மூணு" என்று கிரவுண்டு முழுக்கச் சத்தம். நாலு நாளில் உடம்பு தானாகத் திரும்பி நிற்க ஆரம்பித்தது. அவருக்குள் பத்து வருஷமாக இருந்த ஒன்றை அடுத்தவனுக்குப் புரிகிற மாதிரி பிரித்துக் கொடுத்தார். கோச்சின் வேலை அதுதான். கற்றுக்கொண்டால் வரும்.

ஆடிய அணிக்கே கோச்சாகத் திரும்புவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. சையத் சபீர் பாஷா இந்தியன் வங்கிக்கு ஆடி, அதே அணிக்குக் கோச்சாகி, பிறகு ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் சென்னையின் எஃப்.சி. கிளப்பில் துணைப் பயிற்சியாளராகவும் இருந்தவர்.

லைசென்ஸ் லைசென்ஸ்னு சொல்றாங்களே, அது என்ன, எப்படி எடுக்கறது?

கால்பந்து கோச்சுகளுக்கு ஒரு படிவரிசை இருக்கிறது. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸ், அடுத்து சி, பி, ஏ என்று ஏறி, ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் புரோ லைசென்ஸில் முடியும். டி லைசென்ஸ் வகுப்பு ஆறு நாள்தான். வகுப்பறையும் உண்டு, கிரவுண்டில் பையன்களை வைத்து நடத்திக் காட்டுவதும் உண்டு. ஐ.எஸ்.எல். அணிக்குத் தலைமைக் கோச்சாக புரோ லைசென்ஸ் வேண்டும். கல்லூரியில் தொடங்க டி போதும், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். சி வரைக்கும் போனால்தான் பதினோரு பேர் ஆட்டத்தை முழுதாகச் சொல்லித்தரும் முறை பிடிபடும்.

இன்னொரு வழி பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனம். எல்லோரும் என்.ஐ.எஸ். என்பார்கள். 1961-இல் தொடங்கியது. அங்கே டிப்ளமோவும் உண்டு, ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு. எதுவானாலும், ஆடிக்கொண்டிருக்கும் கடைசி சீசனிலேயே ஆரம்பித்துவிடுங்கள். ஆட்டத்தை விட்ட பிறகு வரும் முதல் ஆறு மாதம் மனசு ஒரு நிலையில் இருக்காது. அப்போது போய்ப் பரீட்சைக்கு உட்காருவது கஷ்டம்.

காலேஜ்ல பி.டி. சாரும் கோச்சும் ஒண்ணுதானே? எனக்கு பி.டி. சார் போஸ்ட்டே குடுப்பாங்களா?

ஒன்று இல்லை. நாம் பி.டி. சார் என்று கூப்பிடுகிறவர் உடற்கல்வி இயக்குநர். அது உதவிப் பேராசிரியர் பதவிக்குச் சமமான வரிசையில் வரும் வேலை. யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி எம்.பி.எட். மாதிரி முதுகலைப் பட்டம் 55 சதவீத மதிப்பெண்ணோடு வேண்டும், நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும், உடல்தகுதித் தேர்வும் உண்டு. 30 வயதுக்குள் இருக்கும் ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர் ஓட வேண்டும். 40 வரைக்கும் 1,500 மீட்டர். ஓட்டம் உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை, படிப்புதான் நேரம் எடுக்கும். ஆசிய விளையாட்டிலோ காமன்வெல்த்திலோ பதக்கம் வாங்கிய முதுகலைப் பட்டதாரிகளுக்குத் தனி வழி இருக்கிறது.

கோச் என்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. நிர்வாகமோ முன்னாள் மாணவர் சங்கமோ வைத்துக்கொள்வது. பி.டி. சார் ஆக ஆசை இருந்தால் பி.பி.எட். இரண்டு வருஷம், எம்.பி.எட். இரண்டு வருஷம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நம் ஊரிலேயே நந்தனத்தில் இருக்கிறது. மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

டிகிரியே முடிக்கலண்ணா. செகண்ட் இயர்ல கேம்ப்புக்குப் போனது, அப்படியே போயிடுச்சு. அரியர் நிக்குது. என்னைச் சேத்துப்பாங்களா?

இதைக் கேட்கும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தாழ்த்த வேண்டியதில்லை. பதினெட்டு வயதில் வீட்டுக்குப் பணம் அனுப்பக் கிடைத்த வாய்ப்பை எடுத்துக்கொண்டது தப்பே இல்லை. ஒப்பந்தக் கோச்சாக வர லைசென்ஸும் ஆடிய அனுபவமும் இருந்தால் பல இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள்.

ஆனாலும் அரியரை முடியுங்கள் என்றே சொல்வேன். பழைய மாணவர்களுக்கு அரியர் எழுதப் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவிக்கும். அதில் வரவில்லை என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் புதிதாகவே சேர்ந்துவிடலாம். எங்கள் அண்ணனுக்கு மூன்று பேப்பர் நின்றது. கோச்சாக வந்த வருஷமே அவரும் பரீட்சை எழுதினார். ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு அவர் வரிசையில் நின்றதைப் பையன்கள் பார்த்தார்கள். அதற்குப் பிறகு "படிக்கறேன் சார், பிராக்டிசுக்கு வரல" என்று பொய் சொல்கிறவனும் குறைந்தான், "பிராக்டிஸ் இருக்கு, படிக்கல" என்று சொல்கிறவனும் குறைந்தான்.

சம்பளம் எவ்வளவு வரும்?

கிளப்பில் வாங்கியதை நினைத்துக்கொண்டு வராதீர்கள். மாதத் தொகையாகத் தருகிற இடமும் உண்டு, நாள் கணக்கில் தருகிற இடமும் உண்டு. ஏப்ரல், மே விடுமுறையில் தருவார்களா என்பதை முதலிலேயே கேளுங்கள். இதை மட்டும் வைத்துக் குடும்பம் ஓட்டுவது சிரமம். காலையில் கல்லூரி, சாயங்காலம் ஒரு பள்ளியோ அகாடமியோ என்று சேர்த்தால்தான் சரிவரும்.

நம்ம காலேஜ், நம்ம சார். இதுக்குப் போய் எழுத்துல ஆர்டர் கேட்டா நல்லா இருக்குமா?

கேட்டுத்தான் ஆக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர், நல்ல மிட்ஃபீல்டர், தான் படித்த கல்லூரிக்கு வாய்வார்த்தையில் போய்ச் சேர்ந்தார். ஜூலையில் தொடங்கி பிப்ரவரி வரைக்கும் ஒருநாள் தவறாமல் வந்தார். நடுவில் முதல்வர் மாறினார். புதிதாக வந்தவருக்கு இவர் யார் என்றே தெரியவில்லை. கோப்பில் பெயரே இல்லை. எட்டு மாத உழைப்புக்கு ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே வருவதில்லை. பாசத்தோடு வந்த ஒரு மனிதரை அந்தக் கல்லூரி இழந்தது. ஒரு தாள் இருந்திருந்தால் நடந்திருக்காது.

தாளில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்: எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எவ்வளவு தொகை, எத்தனை நாள் பயிற்சி, வெளியூர் மேட்சுக்குப் போனால் செலவு யாருடையது, பையனுக்கு அடிபட்டால் மருத்துவச் செலவை யார் பார்ப்பது, நீங்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்.

எங்க பழைய பி.டி. சார் இன்னும் இருக்காரு. என்னை உருவாக்கினவரே அவருதான். இப்ப நான் போய் அவருக்கு மேல சொல்றதா?

மேலே இல்லை, பக்கத்தில். ஆனால் எது யாருடையது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். எங்கள் கல்லூரியில் இது டீக்கடை பெஞ்சில் முடிந்தது. பிராக்டிஸ், டீம் தேர்வு, மேட்ச் நேரத்து முடிவு அண்ணனுடையது. கடிதம், பல்கலைக்கழகப் பதிவு, ஓ.டி. கையெழுத்து (மேட்சுக்குப் போன நாளை வருகையாகக் கணக்கில் எடுக்கும் ஆன் டியூட்டி), ஸ்டாக் நோட்டு சாருடையது. ஸ்டாக் நோட்டு என்பது ஜெர்ஸி நம்பர் முதற்கொண்டு பந்து, கோன், வலை வரை எல்லாம் எழுதி வைக்கும் நீளமான கணக்கு நோட்டு. சார் அதில் ஒரு பந்து குறைந்தாலும் விடமாட்டார்.

பையன்கள் முன்னால் இருவரும் ஒருவரை ஒருவர் திருத்தக் கூடாது. அண்ணன் இன்றைக்கும் சார் வந்தால் எழுந்துதான் நிற்கிறார். சாரும் ஒருமுறைகூட டச் லைனுக்கு வந்து கத்தியதில்லை. சாருக்கு 4-4-2, அதாவது தடுப்பில் நாலு, நடுவில் நாலு, முன்னால் இரண்டு பேர் என்று நிற்பது தவிர எதுவும் பிடிக்காது. அதை மேட்ச் முடிந்து ஆட்டோவில் போகும்போதுதான் சொல்லுவார்.

எத்தனை மணிக்கு வரச் சொல்றது? பாதி பசங்க வேலைக்குப் போறாங்களே?

ஐந்தே முக்காலுக்கு. எட்டு மணிக்கு மேல் நம் ஊர் வெயிலில் மண் தரை கொதிக்கும், டென்னிஸ் பால் கிரிக்கெட் பையன்களும் வந்துவிடுவார்கள். எங்கள் கோல்கீப்பர் காசிமேட்டில் விடிவதற்கு முன்பே கூடை இறக்கிவிட்டு வருகிறவன். அவனுக்கு மட்டும் அண்ணன் ஆறேகால் வைத்தார். மற்றவர்கள் கேட்டபோது காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

பசங்க வெறும் வயித்துல வந்து நிக்கறாங்க. இதெல்லாமா கோச் பாக்கணும்?

ஆமாம். கிளப்பில் உங்களுக்குத் தட்டில் கணக்குப் பண்ணி வைத்தார்கள். இங்கே ஒருவன் ராத்திரி சாப்பிட்டதோடு வந்திருப்பான். பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம், முடிந்ததும் அவித்த முட்டை இரண்டு, சுண்டல். முன்னாள் மாணவர்கள் பத்துப் பேர் மாதம் இவ்வளவு என்று போட்டால் நடந்துவிடும். எங்களுக்கு அப்படித்தான் நடக்கிறது. இதைத் தானம் மாதிரி காட்டாமல், பந்து, கோன் வரிசையில் இதுவும் ஒன்று என்று வையுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது.

எங்க தெருப் பையனை டீம்ல போடுன்னு வீட்டு வாசல்லயே வந்து நிக்கறாங்க. என்ன சொல்றது?

இது வராமல் இருக்காது. நீங்கள் அதே தெருவில் வளர்ந்தவர். அவன் அப்பாவிடம் வாங்கித் தின்றிருப்பீர்கள். தேர்வை மூன்று நாள் நடத்துங்கள். பி.டி. சாரையும், வேறு ஏரியாவைச் சேர்ந்த ஒரு பழைய ஆட்டக்காரரையும் உட்கார வையுங்கள். மூன்று பேரும் தனித்தனியாக எழுதிய தாளை வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வந்து நிற்கிறவரிடம் தாளைக் காட்டிப் பேசலாம். எடுக்காத பையனிடம் ஏன் எடுக்கவில்லை என்பதை நீங்களே நேரில் சொல்லுங்கள். போர்டில் ஒட்டிவிட்டு ஓடக்கூடாது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, ரூட்டுச் சண்டை. பஸ் ரூட்டு, ரயில் ரூட்டு என்று பிரிந்து அடித்துக்கொள்கிற பழக்கம் சென்னைக் கல்லூரிகளில் பல வருஷமாக இருக்கிறது. ஒரே டீமில் இரண்டு ரூட்டுப் பையன்கள் இருந்தால் பாஸ் போகாது. அண்ணன் செய்தது, பயிற்சியில் ஜோடி போடும்போது எப்போதும் வேறு வேறு ரூட்டாகப் பார்த்துப் போட்டார். வெளியே அடிதடி என்று தெரிந்தால் அடுத்த மேட்ச் கிடையாது. எங்கள் நல்ல ஃபார்வர்டு ஒருவனையே ஒருமுறை உட்கார வைத்தார். அந்த மேட்ச் தோற்றோம். அந்த முடிவு சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கோச் சார், ஓ.டி. போட்டா 75 வந்துடுமா?

பரீட்சை எழுத 75 சதவீத வருகை வேண்டும். மேட்ச் நாளுக்கு ஓ.டி. கிடைக்கும். தினசரி பிராக்டிசுக்கு, அதுவும் காலை ஐந்தே முக்கால் பிராக்டிசுக்கு, ஓ.டி. என்ற பேச்சே இல்லை. மேட்ச் முடிந்த மறுநாளே கடிதம் துறைத்தலைவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். செமஸ்டர் கடைசியில் மொத்தமாகக் கொண்டுபோனால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

தம்பி, பந்து ஆடுனா எங்க பையனுக்கு வேல கெடைக்குமாப்பா?

உறுதியாகக் கிடைக்கும் என்று எந்த அம்மாவிடமும் சொல்லாதீர்கள். வழி இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, வருமானவரித்துறை மாதிரி இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பது உண்டு. மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. இதில் எல்லா ஆட்டக்காரர்களும் சேர்ந்துதான் போட்டி போடுவார்கள்.

முக்கியமான விஷயம், கல்லூரிக்கு ஆடிய சான்றிதழ் இதற்குப் போதாது. மத்திய அரசு ஒதுக்கீட்டில் கணக்கில் வருவது பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியது. அதற்கு படிவம் 3 என்று ஒன்று இருக்கிறது. போட்டி முடிந்த சூட்டிலேயே பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ஆகவே கோச்சின் ஒரு கண் எப்போதும் பல்கலைக்கழகத் தேர்வு நாளில் இருக்கட்டும். சான்றிதழ்களை ஸ்கேன் பண்ணி வைக்கச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வீட்டுக்குள் வந்து, மூன்று வருஷச் சான்றிதழ் எல்லாம் ஊறி ஒட்டிப்போன பையன் எங்கள் அணியில் இருக்கிறான்.

ஐ.எஸ்.எல். நெலமையே சரியில்ல. இப்பவே ஆட்டத்த விட்டுட்டு வந்துடலாமா?

2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டபோது இந்தக் கேள்வி நிறைய வந்தது. லீக் நடத்தும் உரிமை ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடியவிருந்ததும், அதைப் புதுப்பிக்காததும்தான் காரணம். பயம் நியாயமானது. ஆனால் பயத்தில் கோச்சாக வருகிறவர், லீக் திரும்ப ஓடியதும் போய்விடுவார். பையன்கள் பாதியில் நிற்பார்கள். முட்டி இன்னும் தாங்குகிறது, மனசும் ஆடத்தான் சொல்கிறது என்றால் ஆடுங்கள். லைசென்ஸை மட்டும் பக்கத்திலேயே முடித்து வையுங்கள். ஏன் என்று இரண்டாவது கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

நானே எம்.ஏ. சேந்து காலேஜுக்கு ஆடிட்டா?

பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு 25 வயது வரம்பு இருக்கிறது. அதற்குள் இருந்தாலும் ஒரு பையனின் இடத்தை எடுக்காதீர்கள். படிக்கச் சேருங்கள், அது நல்லது.

பொண்ணுங்க டீமையும் சேத்துப் பாத்துக்கோன்னு சொல்றாங்க. பாக்கலாமா?

பாருங்கள், விருப்பத்தோடு பாருங்கள். வடசென்னையில் நன்றாக ஆடுகிற பெண்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல நேரமும் நல்ல பாதி கிரவுண்டும் கொடுங்கள், மிச்சம் மீதியைத் தள்ளாதீர்கள். பயிற்சி நேரத்தில் ஒரு பெண் ஆசிரியர் கூட இருக்க வேண்டும் என்பதையும், உடை மாற்றப் பூட்டு உள்ள அறை வேண்டும் என்பதையும் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். தனியாகப் போனில் பேசுவது, தனியாக வண்டியில் கொண்டுவிடுவது கூடாது. குரூப்பில் மட்டும் செய்தி.

பையனுக்குப் பெருசா அடிபட்டா நான் என்ன ஆவேன்?

முதலில் அடிபடாமல் பார்ப்பது. ஃபிஃபா 11+ என்று ஒரு வார்ம்-அப் முறை இருக்கிறது. இருபது நிமிஷம் ஆகும், பதினைந்து பயிற்சிகள். ஓட்டம், தொடை, இடுப்பு பலம், குதித்து இறங்குவது எல்லாம் அதில் இருக்கிறது. வாரம் இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்தால் முட்டி, கணுக்கால் காயங்கள் குறைகின்றன. பையன்களுக்கு சலிக்கும், விடாதீர்கள். உங்கள் முட்டி ஏன் போனது என்று நீங்களே சொன்னால் கேட்பார்கள்.

மேட்ச் அன்றைக்கு ஐஸ் பெட்டி, கட்டு, ஒவ்வொரு பையன் வீட்டு நம்பர் எழுதிய தாள் கையில் இருக்கட்டும். தலையில் அடிபட்டு ஒரு நொடி நினைவு தப்பினால்கூட அன்றைக்கு மறுபடி இறக்கக் கூடாது, அவன் எவ்வளவு கெஞ்சினாலும். 108-ஐக் கூப்பிடுங்கள், நம் பக்கத்துக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. செலவு யாருடையது என்ற பிரச்சினை ஆர்டரில் ஏற்கெனவே தீர்ந்திருக்க வேண்டும்.

இன்னொரு தனபால் கணேஷ எப்போ உருவாக்குவீங்கன்னு கேக்கறாங்க. என்ன பதில் சொல்றது?

அவன் வியாசர்பாடிப் பையன், சென்னையின் எஃப்.சி.க்காக 2018 ஐ.எஸ்.எல். அரையிறுதியில் நேரு ஸ்டேடியத்தில் கோவாவுக்கு எதிராகத் தலையால் முட்டிய கோலை இந்தப் பக்கத்தில் மறந்தவர் கிடையாது. அந்த வருஷம் சென்னையின் எஃப்.சி. கோப்பையையும் வாங்கியது. அப்படி ஒருவன் வந்தால் சந்தோஷம். ஆனால் கிளப் மட்டத்துக்குப் போகிறவன் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு வயதிலேயே யார் கண்ணிலாவது பட்டிருப்பான். கல்லூரிக்கு வந்து உங்கள் முன்னால் நிற்கும் இருபத்தைந்து பேரில் பெரும்பாலோருக்கு இதுதான் கடைசி டீம். இதற்குப் பிறகு ஹார்பர், கம்பெனி, டெலிவரி வண்டி. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக்கு அஞ்சு பேராக ஃபைவ்ஸ் ஆடுவார்கள், அவ்வளவுதான். கோச்சிங்கை அவர்களை நினைத்துத் திட்டம் போடுங்கள்.

தேர்ட் இயர் பையன். மூணு வருஷமா பெஞ்சுதான். கடைசி மேட்ச் டைட்டா போகுது. அவனை இறக்கலாமா?

பரிதாபத்துக்காகக் கடைசி இரண்டு நிமிஷம் இறக்காதீர்கள். அவனுக்கே தெரியும். சீசன் முழுக்க அவனை ஒரு வேலைக்குத் தயார் பண்ணி வையுங்கள், அந்த வேலை வரும்போது தயங்காமல் இறக்குங்கள்.

எங்களுக்கு இப்படி ஒருவன் இருந்தான், 14-ஆம் நம்பர். கடைசி மேட்ச், ஒன்றுக்கு ஒன்று, பன்னிரண்டு நிமிஷம் பாக்கி, ரைட் பேக்குக்குத் தசை பிடித்துக்கொண்டது. அண்ணன் அவனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "விங்கரை உள்ள விடாத. வெளிய தள்ளு." பன்னிரண்டு நிமிஷமும் அவன் அதை மட்டும் செய்தான். ஒரு கிராஸைத் தொடையில் வாங்கி வெளியே தள்ளினான். மேட்சைப் பெனால்டியில் இழந்தோம். எல்லோரும் போன பிறகும் அவன் கோல் போஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஜெர்ஸியைத் துவைத்து எப்போது கொண்டுவந்து தரட்டும் என்று கேட்டான். அண்ணன் பி.டி. சாரைப் பார்த்தார். சார் பையிலிருந்து ஸ்டாக் நோட்டை எடுத்து, 14-ஆம் நம்பர் வரிசையில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார்.